நூல் பிடித்து அறுத்தல்

புத்தகம் சேர்ப்பவர் எவரும் ஒரு கட்டத்தில் மரத்தைப் பற்றி யோசித்தே தீர வேண்டியிருக்கிறது. கடையில் வாங்கிய துகள்பலகை அலமாரி இரண்டாவது மழைக்காலத்தில் ஊதிப்போகிறது. நடுவில் தாங்கலின்றி மூன்றடிக்கு மேல் நீளும் தட்டு, தொகுப்பு நூல்களின் எடையில் வில்லாக வளைகிறது. ஆசாரியை அழைத்தால் அவர் நகரத்தின் மறுகோடியில் ஏதோ ஒரு மாடுலர் கிச்சன் வேலையில் இருக்கிறார். நமது ஓர் அலமாரிக்காக அவர் வருவது அவருக்குக் கட்டுப்படியாகாது என்பதை நாமும் அறிவோம். இந்த இடத்தில்தான் நம்மில் சிலர் தாமே கருவியைக் கையில் எடுக்கத் துணிகிறோம். கார் நிற்கும் இடத்தின் ஓரம், மொட்டை மாடித் தகரக் கொட்டகை, பின்கட்டுத் தாழ்வாரம் எனக் கிடைத்த இடமெல்லாம் பட்டறையாகிறது. பட்டறை என்று பெயரிட்டவுடன் ஓர் இயந்திரம் தேவைப்படுகிறது. அந்த இயந்திரம் பெரும்பாலும் மைட்டர் சா எனப்படும் கோணவெட்டு ரம்பமாக இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்பதில் நாம் காட்டும் அவசரமும், எதைப் பார்க்க வேண்டுமோ அதை விட்டு வேறெதையோ பார்க்கும் பழக்கமும் பற்றியே இங்கே பேச நினைக்கிறோம்.

இலக்கியம் பேசும் இடத்தில் ரம்பமா, இது வெறும் அறுவையாகிவிடாதா என்று முணுமுணுப்பவர்களுக்கு ஒரு சொல். நூல் என்பதற்கு அப்பெயர் ஏன் வந்தது என்று விளக்க வந்த பவணந்தி முனிவர், பஞ்சையும் அதை நூற்பவளையும் உவமையாகக் காட்டியதோடு நிற்கவில்லை. மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சனின் நூலையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். வகுப்பறையில் இந்தச் சூத்திரத்தை நடத்தும்போது உவமேயத்தை நாம் எளிதில் விளக்கிவிடுகிறோம். உவமானத்தைத்தான் மாணவர் எவரும் பார்த்ததில்லை. சாயம் தோய்த்த கயிற்றை இழுத்துப் பிடித்து ஒருமுறை சுண்டினால் பலகையின் மேல் விழும் அந்தக் கோட்டைக் கண்டவர்க்கு உரையாசிரியர் தேவையில்லை. இன்றும் ஆசாரிமார் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை 'நூல்' என்றே சொல்கிறார்கள். 'ரெண்டு நூல் கூட வச்சு அறு' என்பது பட்டறையின் அன்றாட மொழி. எனவே நாம் அந்நிய நிலத்துக்குள் நுழைந்துவிடவில்லை.

இயந்திரத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு சிறு மேசை, அதன் நடுவில் இடவலமாகத் திரும்பும் தட்டு, தட்டோடு சேர்ந்து திரும்பும் ஒரு கை, கையின் நுனியில் மோட்டாரும் வட்ட பிளேடும். மரம் அசையாமல் இருக்க, பிளேடு மேலிருந்து இறங்கி வந்து குறுக்கே வெட்டுகிறது. இடவலமாகத் திரும்புவதோடு பிளேடைப் பக்கவாட்டில் சாய்க்கவும் முடிந்தால் அது காம்பவுண்ட். இரு பக்கமும் சாய்ந்தால் டபுள் பெவல். தண்டின்மேல் முன்னும் பின்னும் நகர்ந்தால் ஸ்லைடிங். எட்டு, பத்து, பன்னிரண்டு அங்குலம் என்று சொல்லப்படுவது பிளேடின் விட்டம். கலைச்சொல் அகராதியைப் புரட்டிக்கொண்டு கடைக்குப் போகாமல் இந்தப் பெயர்களையே சொல்லிக் கேட்பது நல்லது. தனித்தமிழில் கேட்டால் கடைக்காரர் கரும்பு வெட்டும் கத்தியை எடுத்துக் காட்டக்கூடும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வியை நாம் கேட்பதேயில்லை. எதை அறுக்கப்போகிறோம்? நம் ஊர் வீடுகளில் இன்று நடக்கும் மரவேலையில் பெரும்பகுதி உண்மையில் மரவேலையன்று, பிளைவுட் வேலை. பிளைவுட் எட்டடிக்கு நாலடிப் பலகையாக வருகிறது. பத்து அங்குல பிளேடு உடைய சாதாரண மைட்டர் ரம்பம் ஏறக்குறைய 140 மில்லிமீட்டர் அகலத்தைத்தான் ஒரே வெட்டில் கடக்கும். ஸ்லைடிங் வகை 300 மில்லிமீட்டரை எட்டும். பலகையின் அகலமோ 1,220 மில்லிமீட்டர். மரத்தை நீளவாக்கில் கிழிப்பது இந்த இயந்திரத்தின் வேலையே அல்ல. ஆக, பிளைவுட்டில் புத்தக அலமாரி செய்ய விரும்புகிறவர் முதலில் மைட்டர் ரம்பம் வாங்குவது, நெல் குத்த அம்மியை வாங்குவது போன்றது. அவருக்குத் தேவை காப்புமூடியுள்ள நல்ல கை வட்டரம்பமும், அது ஒட்டி ஓட ஒரு நேர்ச்சட்டமும், இரண்டு கிளாம்பும்தான். அளவு கொடுத்தால் பலகையை அறுத்தே தரும் கடைகள் நகரங்களில் உண்டு. அங்கே வெட்டி வாங்கி வருவதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

மைட்டர் ரம்பத்தின் இடம் வேறு. தேக்கு, வேம்பு, ரப்பர் மரம் எனச் சட்டங்களாக வரும் மரத்தைத் துல்லியமான நீளத்துக்கு அறுப்பது, பிளைவுட்டின் முகப்பில் ஒட்டும் பீடிங்கை மூலையில் சேர்ப்பது, படங்களுக்குச் சட்டம் போடுவது, கதவுநிலையைச் சுற்றிப் பட்டை அடிப்பது ஆகியவையே அதன் பணிகள். நூறு துண்டுகளை ஒரே அளவில் வேண்டுகிறவருக்கு அது பெரும் வரம். இவை உங்கள் வேலையில் இல்லையென்றால் வாங்க வேண்டாம் என்பதே நமது முதல் கருத்து.

இரண்டாவது கருத்து சற்றுக் கடுமையானது. வாங்குகிறவர்களில் பலரும் தமக்குத் தேவையானதைவிடப் பெரிய இயந்திரத்தை வாங்குகிறார்கள். பன்னிரண்டு அங்குலம், ஸ்லைடிங், டபுள் பெவல் என்று பட்டியலின் உச்சியில் இருப்பதே சிறந்தது என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்கத் தச்சர்களின் காணொளிகளிலிருந்து வருகிறது. அங்கே வீட்டின் எலும்புக்கூடே மரம். தடித்த விட்டங்களை நாள் முழுதும் அறுத்துத் தள்ளும் பணிமனைக்குப் பெரிய பிளேடு தேவை. அங்கே சுவரும் கூரையும் சந்திக்கும் இடத்தில் கிரவுன் மோல்டிங் எனும் மர அலங்காரப்பட்டை ஓடுகிறது. அதைப் படுக்க வைத்து இரு மூலைக்கும் வெட்டுவதற்கு இரு பக்கமும் சாயும் தலை வசதியாக இருக்கிறது. ரம்பத்தின் கோண அளவையில் 31.6 என்ற வினோதமான எண்ணுக்கு ஒரு பள்ளம் ஏன் வெட்டியிருக்கிறார்கள் என்று யோசித்ததுண்டா? அந்தப் பட்டைக்காகத்தான். செங்கல்லும் கான்கிரீட்டுமான நம் வீடுகளில் அந்த இடத்தில் பெரும்பாலும் எதுவுமில்லை. இருந்தாலும் அது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். நம் வீடு கேட்காத கேள்விக்கு விடை வாங்கப் பணம் செலவழிப்பானேன்? பத்து அங்குலம், ஸ்லைடிங் இல்லாதது, ஒரு பக்கம் மட்டும் சாய்வது என இந்த எளிய வகையே வீட்டுப் பட்டறைக்குப் போதும். நாலுக்கு மூன்று அங்குல நிலைச்சட்டத்தையும் அது ஒரே இறக்கத்தில் வெட்டும்.

ஸ்லைடிங் பற்றி மட்டும் நியாயமாகப் பேசிவிட வேண்டும். புத்தகத்தட்டின் அகலம் பத்து அங்குலம் என்பதால், தட்டைக் குறுக்கே வெட்ட ஸ்லைடிங் வேண்டுமே என்பது வலுவான வாதம்தான். ஆனால் பத்து அங்குல அகலத் தேக்குப் பலகை இன்று யாருக்கு எளிதில் கிடைக்கிறது? பிளைவுட் தட்டானால், நீளவாக்கில் கிழித்த அதே வட்டரம்பமும் நேர்ச்சட்டமும் குறுக்கேயும் வெட்டிக் கொடுக்கும். துண்டுகளை ஒட்டி அகலப்படுத்திய ரப்பர் மரப் பலகைகளையே தொடர்ந்து பயன்படுத்துகிறவருக்கு ஸ்லைடிங் பொருத்தமானது, மறுக்கவில்லை. ஏனையோர்க்கு அது கூடுதல் எடை, கூடுதல் விலை. தண்டுகள் பின்னே நீட்டிக்கொள்ளச் சுவரிலிருந்து ஓரிரு அடி இடமும் விட வேண்டும். விலை மலிந்த ஸ்லைடிங் இயந்திரத்தில் அந்தத் தண்டுகளின் மெல்லிய ஆட்டமே வெட்டின் நேர்மையைக் குலைத்துவிடும். ஒரே தொகைக்கு மலிவான ஸ்லைடிங், தரமான எளிய ரகம் என இரண்டு கிடைத்தால் பின்னதை எடுக்கத் தயங்கவே வேண்டாம்.

துல்லியம் பற்றி நிறையப் பேசலாம். ஒரு படச்சட்டத்துக்கு நான்கு மூலை, அதாவது எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டும் அரை டிகிரி பிசகினால், பிசகு எட்டாகப் பெருகி நான்கு டிகிரியாகிறது. மூன்று மூலைகளை இறுக்கிச் சேர்த்துவிட்டு நான்காவதைப் பார்த்தால், இரண்டு அங்குல அகலச் சட்டத்தில் ஏறக்குறைய ஒன்றரை நூல் இடைவெளி வாயைப் பிளந்து நிற்கும். மரத்தூளில் ஃபெவிகால் குழைத்து அதை அடைத்துவிடுவதும் நாம் காணும் காட்சிதான், பொருள் பொருந்தாத இடத்தில் அடைமொழியைப் போட்டு அடைப்பது போல. கோணம் சரியாக இருந்து எதிரெதிர்ப் பக்கங்களின் நீளம் அரை நூல் மாறினாலும் இதே கதி. இதற்கு இயந்திரத்தின் விலை தீர்வாகாது. பின்சட்டத்தில் ஒரு நிறுத்துகட்டையைப் பிணைத்து, எதிர்ப்பக்கங்கள் இரண்டையும் அதில் முட்டவைத்து அறுப்பதே தீர்வு. அந்தக் கட்டைக்கு ஒரு பைசா செலவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெட்டு அணுவளவும் பிசகாமல் இருந்தாலும் மைட்டர் மூலை திறந்துகொள்ளக் கூடும். மரம் ஈரத்தைக் குடித்து உப்புவதும் உலர்ந்து சுருங்குவதும் அகலவாக்கில்தான், நீளவாக்கில் அனேகமாக இல்லை. ஆகவே வாங்கிய மரம் ஈரமாக இருந்து பிறகு வீட்டில் காய்ந்தால் மூலையின் உட்புறம் பிளக்கிறது. காய்ந்த மரம் ஐப்பசி ஈரத்தில் உப்பினால் வெளிப்புறம் பிளக்கிறது. சட்டம் அகலமாக ஆக இந்தப் பிளவும் கூடும். நிறுவனம் எதுவானாலும் இதைத் தடுக்கும் ரம்பம் கிடையாது. மரத்தைச் சில வாரங்கள் வீட்டிலேயே அடுக்கிவைத்துப் பழக்குவதும், அகலச் சட்டங்களுக்கு மைட்டரைத் தவிர்த்து வேறு இணைப்பை நாடுவதுமே வழி. இது தெரியாமல் இயந்திரத்தைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

பிளேடு பற்றிக் கடைக்காரர்கள் பேசமாட்டார்கள், எனவே நாம் பேசுவோம். இயந்திரத்தோடு வருவது பெரும்பாலும் பற்கள் குறைந்த பொதுப் பிளேடு. அது வேகமாக அறுக்கும், விளிம்பைச் சிம்பாக்கும். பத்து அங்குலத்தில் அறுபது முதல் எண்பது பல் கொண்ட, கார்பைடு நுனியுள்ள பிளேடு ஒன்றைத் தனியே வாங்கி மாட்டினால் எளிய இயந்திரமே வேறொன்றாகிவிடும். பல்லின் சாய்வையும் பார்க்க வேண்டும். நீளவாக்கில் கிழிப்பதற்கென்று முன்னோக்கிச் சாய்ந்த பல்லுள்ள பிளேடை இதில் மாட்டினால் பிளேடு மரத்தின் மேல் ஏறப் பார்க்கும். சாய்வு மிகக் குறைந்ததோ பின்னோக்கியதோ ஆன பல்தான் இதற்கு ஏற்றது. நடுத்துளையின் அளவும் பொருந்த வேண்டும். நம் சந்தையில் முப்பது மில்லிமீட்டரும் 25.4 மில்லிமீட்டரும் புழங்குகின்றன. அமெரிக்காவிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த பத்து அங்குல இயந்திரமானால் அது ஐந்து நூல் துளை, அதாவது அங்குலத்தின் எட்டில் ஐந்து பங்கு. அதற்கு இங்கே பிளேடு தேடி அலைய வேண்டும். அதோடு அது 120 வோல்ட் இயந்திரம். நேரடியாக நம் சுவரில் சொருகினால் புகைந்து போகும். கனமான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கும் செலவில் பாசம் கசந்துவிடும்.

இனி, நாம் உண்மையில் எழுத வந்ததற்கு வருகிறோம். சிற்றூர், பெருநகரம் என்றில்லாமல் தமிழகத்தின் எந்தக் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் ஒரு காட்சியைக் காணலாம். நாலு அங்குல மார்பிள் கட்டர் ஒன்றின் காப்புமூடியைக் கழற்றிவிட்டு, மர பிளேடை மாட்டி, ஒரு பிளைவுட் துண்டின் அடியில் தலைகீழாகத் திருகிவைத்திருப்பார்கள். மேலே ஒரு பிளவு, பிளவில் பாதி பிளேடு. சுவிட்ச் நிரந்தரமாகப் போடப்பட்டிருக்கும். நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கும் மேல் சுழலும் அந்தத் திறந்த பல்லின் அருகில் வெறுங்கையால் பலகையைத் தள்ளிக்கொண்டிருப்பார் ஓர் இளைஞர், காலில் ரப்பர் செருப்போடு. அவர் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிய கூலியில், ஒரு கருவியைக் கொண்டே மூன்று கருவியின் வேலையை முடித்தாக வேண்டிய நெருக்கடி அவருடையது. விரலிழந்த தச்சர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த விரல்களை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது என்பது வேறொரு கட்டுரைக்குரிய கேள்வி.

ஆனால் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஞாயிறு மாலையில் ஆசைக்காக மரம் அறுக்கும் நமக்கு அந்த நெருக்கடி இல்லை. இருந்தும் செலவு குறைப்பதாக எண்ணி அதே தலைகீழ் ஏற்பாட்டை வீட்டில் செய்துகொள்பவர்கள் பெருகிவருகிறார்கள், கோணக் கிரைண்டரில் மர பிளேடு மாட்டுகிறவர்களும்தான். மைட்டர் ரம்பத்துக்கு ஆதரவாக நாம் சொல்லக்கூடிய மிக வலுவான காரணம் அதன் துல்லியமன்று. ஒழுங்காகப் பயன்படுத்தினால், வீட்டில் பழகுகிறவருக்கு வட்டப்பல் இயந்திரங்களுள் இது ஒப்பீட்டளவில் சாதுவானது. மரம் நகர்வதில்லை, பிளேடு தன் பாதையை விட்டு விலகுவதில்லை, தலையைத் தூக்கினால் காப்புமூடி தானாக வந்து பல்லை மறைத்துக்கொள்கிறது. ஆகவே தேர்வின் முதல் அளவுகோல் அந்த மூடிதான். அது தங்குதடையின்றி ஏறி இறங்குகிறதா? சுவிட்சை விட்டவுடன் பிளேடை நிறுத்தும் எலெக்ட்ரிக் பிரேக் இருக்கிறதா? மரத்தைப் பிடிக்கக் கிளாம்ப் தந்திருக்கிறார்களா? லேசர் கோடு, விளக்கு என்பவையெல்லாம் அதற்குப் பிறகுதான். 'மூடி தொந்தரவு சார், கழற்றிடலாம்' என்று ஆலோசனை கூறும் விற்பனையாளரிடமிருந்து எதையும் வாங்க வேண்டாம்.

பயன்படுத்தும் முறையிலும் சில உண்டு. பிளேடு வரும் கோட்டுக்கு இருபுறமும் ஆறங்குலத்துக்குள் கை வரக் கூடாது. அதற்குள் பிடித்தாக வேண்டிய குட்டித்துண்டானால் கைரம்பத்தால் அறுங்கள். வளைந்த மரத்தின் புடைத்த பக்கம் பின்சட்டத்தைத் தொட வேண்டும். மாற்றி வைத்தால் வெட்டு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். வெட்டி முடித்ததும் பிளேடு முற்றிலும் நிற்கும்வரை தலையைத் தூக்கக் கூடாது. வேட்டி நுனி, தொங்கும் துண்டு, தளர்ந்த முழுக்கைச் சட்டை எதுவும் அருகில் வேண்டாம். கையுறையும் வேண்டாம், பல் அதைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

தூளும் சத்தமும் பற்றிச் சுருக்கமாக. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கும் அதையொட்டிய குழிகளும் பாதிக்கப்படுகின்றன. தேக்குத்தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் தரும். கொள்ளைநோய்க் காலத்தில் வாங்கிய என்95 முகக்கவசம் மீதமிருந்தால் இங்கே பயன்படட்டும். இயந்திரத்தின் பையை மட்டும் நம்ப வேண்டாம், அது தூளில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். ஓசை நூறு டெசிபலை எட்டக்கூடியது. காதடைப்பு நமக்கு, அடுக்ககத்தின் அண்டை வீட்டாருக்கோ அதுவும் இல்லை. மதிய உறக்க நேரத்தைத் தவிர்ப்பது பண்பு. மின்சாரமும் கவனிக்கத்தக்கது. ஆயிரத்து அறுநூறு வாட் இயந்திரம் ஓடும்போதே ஏழு ஆம்பியர் இழுக்கும், தொடங்கும் கணத்தில் அதனினும் அதிகம். மின்விசிறிக்கான ஐந்து ஆம்பியர் பிளக்கில் சொருகாமல், நில இணைப்புள்ள பதினைந்து ஆம்பியர் பிளக்கையே நாட வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின், இயந்திரமே எதற்கு, கைரம்பமும் மரப்பெட்டிக் கோணமும் போதாதா என்று தூய்மைவாத நண்பர்கள் கேட்பார்கள். ஆண்டுக்கு நான்கு படச்சட்டம் செய்பவருக்குப் போதும், தாராளமாகப் போதும். கைரம்பம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மரத்தையே தின்னும், இயந்திரம் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நூலுக்குச் சற்றுக் குறைவாகத் தூளாக்கிவிடும். ஆனால் கையால் செய்ததே உயர்ந்தது என்ற பேச்சை நாம் ஏற்கவில்லை. அறுபது வயதில் தோளைத் தூக்க முடியாமல் இருக்கும் ஓர் ஆசாரியிடம் போய் அந்தப் பேச்சைப் பேசிப் பார்க்கலாம்.

கடைக்குப் போகும்போது ஒரு மூலைமட்டமும், நேராக இழைத்த இரண்டடி மரத்துண்டும் கொண்டு செல்லுங்கள். இணைப்பைப் பிடுங்கிய நிலையில் மூலைமட்டத்தைப் பிளேடின் உடலில், பல்லைத் தொடாமல், வைத்து மேசைக்கும் பின்சட்டத்துக்கும் தொண்ணூறு இருக்கிறதா என்று பாருங்கள். தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பிறகு கொண்டுபோன துண்டை நடுவில் வெட்டச் சொல்லி, ஒரு பாதியைக் குப்புறப் புரட்டி, இரண்டையும் பின்சட்டத்தில் அணைத்து வெட்டுமுகங்களைச் சேர்த்துப் பாருங்கள். கோணம் பிசகியிருந்தால் பிசகு இரட்டிப்பாகிக் கண்ணுக்குத் தெரியும். சிறு பிசகு என்றால் திருகைத் தளர்த்திச் சரிசெய்யலாம், அதை அவரையே செய்து காட்டச் சொல்லலாம். பின்சட்டமே வளைந்திருந்தால் அந்த இயந்திரம் வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு நடக்கலாம், அந்தத் தெருவில் இன்னும் நாலு கடை இருக்கும்.